ராம்சார் ஏரிக்கு அருகே குடியிருப்பு நகரம்: நீர்த்தர மதிப்பீட்டை எதிர்த்து முறையிட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி பறவைகள் சரணாலயமாகவும் ராம்சார் பட்டியலில் (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) இடம்பெற்ற ஈரநிலமாகவும் இருக்கிறது. அதிலிருந்து 400 மீட்டர் தொலைவில் 60 ஹெக்டேரில் குடியிருப்பு நகரம் அமைக்க ஒரு நிறுவனம் சுற்றுச்சூழல் அனுமதி பெற்று 40 நாட்கள் ஆகிவிட்டன என்பது இப்போதுதான் தெரியவந்தது. ஏப்ரல் மாதத்தில் ஒருமுறை எடுத்த மாதிரிகளை வைத்து, ஏரி நீருக்குப் பாதிப்பு வராது என்று திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறது. மழைக்காலத்தில் அந்த நிலத்து ஓடை ஏரியில்தான் சேர்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 16-ஆம் பிரிவின்படி, சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதற்குமேல் தாமதத்தை மன்னிக்க அதற்கு அதிகாரமே இல்லை. செய்தித்தாள் விளம்பரம் எப்போது வந்தது, ஊராட்சி அலுவலகத்தில் அனுமதியின் நகல் ஒட்டப்பட்டதா என்பவை உங்களுக்குச் சாதகமாக அமையலாம் என்றாலும், அவற்றை நம்பிக் காத்திருக்காமல், அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிட்டு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்து, சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வில் உடனே தாக்கல் செய்யுங்கள். உங்களிடம் யாரும் கருத்துக் கேட்காததை மட்டும் வைத்து வாதிட வேண்டாம். 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இத்தகைய கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுவாக மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது.

உங்கள் வழக்கின் பலம் அந்த அறிக்கையின் நீர்த்தர அத்தியாயத்தில்தான் இருக்கிறது. ஓடை வறண்டுகிடக்கும் ஏப்ரலில் எடுத்த மாதிரி, ஏரி அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்லும். மண்ணைத் தோண்டிப் போட்ட 60 ஹெக்டேரின் மீது முதல் பெருமழை பெய்யும்போது வண்டலும், எண்ணெய்க் கசிவும், உரச்சத்தும் எவ்வளவு ஏரிக்குள் போகும் என்பதை அது சொல்லாது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை, மழைக்கால மாதிரி ஏன் இல்லை, ஓடை ஏரியில் சேரும் இடத்தில் மாதிரி எடுக்கப்பட்டதா, கட்டுமானக் காலத்து வண்டல் கணக்கிடப்பட்டதா என்பவையே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் வன உயிர்களுக்கும் மீன்களுக்கும் உரிய ‘டி’ வகை நீர், கார அமிலத்தன்மை 6.5 முதல் 8.5 வரை, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம், தனி அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமை ஆகியவற்றையே கோருகிறது; ஏரியைப் பாசியால் மூடச் செய்யும் பாஸ்பேட் அதில் இல்லை. எனவே ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்ற ஒரு வரியைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

கழிவுநீர்க் கணக்கையும் ஊன்றிப் படியுங்கள். சுத்திகரித்த நீர் முழுவதும் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படும் என்று எழுதியிருப்பார்கள். மழை நாளில் தோட்டத்துக்கு யாரும் நீர் பாய்ச்சப்போவதில்லை என்பதால், மிஞ்சும் நீர் மழைநீர் வடிகால் வழியாக எங்கே போகிறது என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடையே விண்ணப்பத்தில் காட்டப்படவில்லை என்றால், உங்கள் நிலை இன்னும் வலுவாகும். வேண்டுமென்றே தகவலை மறைத்தாலோ தவறான தகவல் தந்தாலோ அனுமதியை ரத்து செய்யலாம் என 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின் 8-ஆம் பத்தி கூறுகிறது. கிராம வரைபடம், புல வரைபடம், நீர்வளத் துறைப் பதிவுகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை இன்றே கேட்டு விண்ணப்பியுங்கள். கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் (2019), விண்ணப்பத்தில் சூழல் தொடர்பான விவரங்கள் விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது; மறுஆய்வுக்குப் பின் 2020-இல் கூடுதல் நிபந்தனைகளோடு அந்தத் தடை நீங்கியது. திட்டமே கைவிடப்படும் என்று எதிர்பார்க்காமல், மறுமதிப்பீட்டையும் கடுமையான நிபந்தனைகளையும் இலக்காக வைப்பது நல்லது.

ஈரநில விதிகள், 2017 நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுப்பது சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டர் வரைதான். உங்கள் வழக்கில் தொலைவு 400 மீட்டர். தடைப்பகுதியை விரிவாக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்பதிலும் பயனில்லை. பெங்களூரு ஏரிகளுக்கு 75 மீட்டர் இடைவெளியை அது விதித்ததை உச்ச நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்துவிட்டது. ஆனால் சுத்திகரிக்காத கழிவுநீரை ஈரநிலத்தில் விடுவதற்கு அதே விதிகள் விதிக்கும் தடை, தொலைவைப் பொறுத்ததன்று. சரணாலயத்தின் சூழல் உணர்திறன் மண்டல (சரணாலயத்தைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் உள்ள பகுதி) அறிவிக்கையையும் ஒருமுறை சரிபாருங்கள்.

நீங்களாகவே மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி சாட்சியச் சட்டம் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் எதிர்த்தரப்பு உங்கள் சோதனையின் நம்பகத்தன்மையைக் கேள்விக்குள்ளாக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உள்ளிட்ட கூட்டுக் குழுவை அமைத்து, வடகிழக்குப் பருவமழையின்போது மாதிரி எடுக்க உத்தரவிடுமாறும், அதுவரை நிலத்தைச் சமன்செய்யும் பணிக்கு இடைக்காலத் தடை விதிக்குமாறும் மேல்முறையீட்டோடு சேர்த்தே கோருங்கள்.