ஆமை, கிளி, மலைப்பாம்பு: வாங்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

மதுரை வாசகி: வீட்டுக்கு ராசி என்று மாமனார் ஒரு நட்சத்திர ஆமை வாங்கி வந்திருக்கிறார். கீரையெல்லாம் போட்டு நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். இதில் தப்பு உண்டா சார்?

உண்டு அம்மா, பெரிய தப்பு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் அதே அட்டவணையில்தான். வீட்டில் வைத்திருந்தாலே குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

ராசி யாருக்கு என்று பாருங்கள். ஆந்திரா, கர்நாடகம், தமிழ்நாட்டின் முட்புதர்க் காடுகளில் இதைப் பொறுக்கிக் கொடுப்பவருக்குச் சொற்பக் காசுதான். ஏஜென்டு கைக்கு வந்ததும் விலை ஏறுகிறது. மலேசியா, தாய்லாந்து போய்ச் சேரும்போது பல மடங்கு. பயணப் பெட்டிக்குள் பிராண்டிச் சத்தம் போடாமல் இருக்க, காலையும் தலையையும் உள்ளே தள்ளி டேப் சுற்றிவிடுவார்கள். சிலர் காலுறைக்குள் திணிப்பார்கள். பல நாள் பட்டினி கிடந்தும் உயிர் பிழைக்கும் பிராணி. கடத்துபவர்களுக்கு அதுதான் வசதி.

காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975 முதல் அமலில் இருக்கிறது. அதில் இந்த ஆமை வெகு காலம் இரண்டாம் பட்டியலில்தான் இருந்தது. அதாவது, அனுமதிச் சீட்டோடு விற்கலாம். 2019-இல் ஜெனீவா மாநாட்டில் இந்தியாவும் இலங்கையும் மற்ற சில நாடுகளோடு சேர்ந்து கேட்டுத்தான் முதல் பட்டியலுக்கு ஏறியது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு கடத்த இப்போது வழியே கிடையாது.

அதே வாசகி: அப்படியானால் ஊருக்கு வெளியே புதரில் விட்டுவிடட்டுமா?

வேண்டாம். அது எந்த ஊர் ஆமை என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வடமேற்கே குஜராத், ராஜஸ்தான் பக்கத்து ஆமையும் நம் பக்கத்து ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. கைமாறிக் கைமாறி வந்ததில் நோயும் ஒட்டியிருக்கலாம். மாமனாரையும் கூட்டிக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போய் ஒப்படையுங்கள். ரெய்டு வரும் வரை காத்திருப்பதைவிட நீங்களே போவது எவ்வளவோ மேல்.

கடலூர் வாசகர்: பச்சைக்கிளிகூடவா? ஊரில் பாதி வீட்டில் இருக்கிறதே!

கிளியும்தான். இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1990-களின் தொடக்கத்திலேயே தடை வந்துவிட்டது. கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டுப் பறவைகளின் கதை வேறு.

இராமேசுவரம் வாசகர்: கடல் அட்டை எடுத்தால் இங்கே கேஸ். அக்கரையில் லைசென்ஸ் வாங்கி எடுக்கிறான், பண்ணையும் வைக்கிறான். இது என்ன நியாயம் அண்ணே?

உங்கள் கோபம் நியாயமானதுதான் தம்பி. கடலடியில் ஊர்ந்து வாழும் இந்தப் பிராணியில் எல்லா வகைக்கும் இந்தியாவில் 2001 முதல் தடை. இலங்கையில் அனுமதி பெற்று எடுக்கலாம். நடுவில் இருப்பது குறுகலான ஒரு நீரிணை. அதனால் இங்கே குடல் நீக்கி அவித்துக் காயவைத்த அட்டை, படகில் அக்கரை போய், அங்கத்திய சரக்கோடு கலந்து சீனச் சந்தைக்குப் போகிறது. கலந்த பிறகு எது எந்தக் கரை என்று யார் பிரிப்பது? தடையை எடுத்துவிடுவது தீர்வு என்று நான் நினைக்கவில்லை. அட்டை மெதுவாக வளர்வது, ஓரிடத்தில் வழித்து எடுத்துவிட்டால் திரும்பப் பெருகப் பல வருடம் ஆகும். ஆனால் இரண்டு அரசும் உட்கார்ந்து பேசாமல், மீனவன்மேல் மட்டும் வழக்குப் போட்டு இது நிற்கப்போவதில்லை. வலையில் தானாக உயிரோடு சிக்கினால் உடனே கடலில் விட்டுவிடுங்கள்.

சென்னை வாசகர்: பால் பைத்தான் (Ball python) என்ற மலைப்பாம்பு வாங்க ஆசை. கடைக்காரர் பில் தருகிறேன் என்கிறார்.

பில்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு அது, சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இறக்குமதி ஆவணம் இருக்கிறதா, இப்படிப்பட்ட உயிரினங்களைப் பதிவு செய்யச் சொல்லும் 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் சென்னைச் சுங்கத்துறை எத்தனை முறை பெட்டி பெட்டியாகப் பிடித்திருக்கிறது! பிடிபடாமல் தப்பியது கடைக்கு வந்ததும் 'இங்கேயே பொரித்தது சார்' ஆகிவிடும்.

கும்பகோணம் வாசகர்: ஓவியத் தூரிகை கீரி முடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை கருமை, நடுவில் வெளிர் நிறம், மறுபடி கருமை என்று ஒரே முடியில் பட்டை பட்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கீரியை யாரும் பண்ணையில் வளர்ப்பதில்லை, கொன்றுதான் முடி எடுக்கிறார்கள். நைலான் தூரிகை இப்போது நன்றாகவே வருகிறது.