நெல்லையின் நாடகமும் இரவும்

அன்புள்ள ஐயா,

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். சென்னையில் இருந்தவரை ஏதாவது ஒரு சபாவில் அடிக்கடி நாடகம் பார்ப்பேன். முடிந்ததும் நண்பர்களோடு நள்ளிரவு வரை சுற்றுவேன். இங்கே பத்து மணிக்கெல்லாம் தெரு அடங்கிவிடுகிறது. அல்வாவையும் புரோட்டாவையும் விட்டால் இந்த ஊரின் மாலைப்பொழுதுக்கு வேறொன்றும் இல்லையா? கோயில் கொடைகளில், அதாவது ஊர்க்கோயில் திருவிழாக்களில், கூத்து நடக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அழைப்பில்லாமல் போகலாமா? மனைவியையும் அழைத்துச் செல்லலாமா?

வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சாதாரணமான ஒரு புதன்கிழமை இரவில் இந்த ஊரில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது திரைப்படமும் சாப்பாடும்தான். அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் சென்னையில் வாரக்கடைசியை வைத்துத் தேடிய நாடகத்தை இங்கே தமிழ் மாதத்தை வைத்துத் தேட வேண்டும். சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி மாதங்களில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளை ஒட்டித் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களிலும் கொடைகள் நடக்கும். அந்த இரவுகளில் ஊர் உறங்காது.

வில்லுப்பாட்டை நீங்கள் தொலைக்காட்சியிலோ பள்ளி விழாவிலோ பார்த்திருக்கக்கூடும். அதை வைத்து இதை எடைபோட வேண்டாம். கொடையில் வில்லின் முன் அமர்ந்திருக்கும் புலவர் கடவுள் வாழ்த்தான காப்பும் குரு வணக்கமான குருவடியும் பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டுவளம் பேசி, அதன்பிறகே கதைக்குள் நுழைவார். வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் குலுங்கும். குடமும் உடுக்கையும் கட்டையும் சேர்ந்துகொள்ள, பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடிக்கும் ‘ஆமா’ போடுவார். இந்தப் பக்கத்துக் காவல் தெய்வமான சுடலைமாடன் கயிலாயத்தில் பிறந்து, சுடுகாட்டுப் பிணம் தின்று, பூலோகத்துக்கு இறங்கி வரும் கதை மணிக்கணக்கில் போகும். அந்த நேரமெல்லாம் சாமியாடும் கோமரத்தாடி கூட்டத்தின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். கதை உரிய இடத்துக்கு வந்ததும் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு எழும், மேளம் ஏறும், அவர் உடம்பு உதறத் தொடங்கும். அதுவரை பாட்டில் மட்டும் இருந்த சுடலை, சல்லடம் என்ற அரைக்கால் உடையும் குல்லாவும் அணிந்து, வல்லயம் என்ற ஈட்டியை ஏந்தி, உங்கள் முன்னால் நின்று குறி சொல்லுவார். சாமம் கடந்தபின் தீப்பந்தத்துடன் சுடுகாட்டுக்கு வேட்டைக்குக் கிளம்புவார். கதையின் நாயகனே கதை கேட்க வந்து சேரும் இப்படியொரு நாடகத்தை எந்த சபாவில் நீங்கள் பார்க்க முடியும்? கலைவிழா மேடைகளில் இதையே பதினைந்து நிமிடத் துண்டாக வெட்டிக் காட்டும்போது அது உயிரில்லாமல் போவதற்குக் காரணம் கலைஞர்களின் குறைபாடு அல்ல. அங்கே வர வேண்டியவர் யாரும் இல்லை என்பதுதான்.

கணியான் கூத்து இன்னும் அபூர்வமானது. குழுவின் தலைவரான அண்ணாவி நின்றுகொண்டு பாடுவார். பெண்வேடமிட்ட ஆண்கள் இருவர் சலங்கை கட்டி ஆடுவார்கள். மகுடம் என்பது தோல்பறை; உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடங்கள் முழங்கும். இடையிடையே அவற்றைத் தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டுவதைக் கவனியுங்கள், எனக்கு ஆட்டத்துக்கு இணையாகப் பிடித்த காட்சி அது. சில கோயில்களில் கணியான் தன் கையைக் கீறிச் சிந்தும் குருதியைப் படையலாக்கும் சடங்கும் உண்டு; பார்க்க மனம் துணியாவிட்டால் விலகி நிற்கலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியால், விடிய விடியப் பாடிய கதைகள் பல இடங்களில் சுருங்கியிருக்கின்றன. தூங்க வேண்டிய நோயாளிகளையும் படிக்கிற பிள்ளைகளையும் நினைத்தால் அந்த விதியை என்னால் குறைசொல்ல முடியவில்லை. வில்லுக்கும் மகுடத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி எதற்கு என்பதே என் கட்சி.

கொடைக்காலம் தவறினால் புரட்டாசி இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் பாளையங்கோட்டையிலேயே தசராவின்போது ஆயிரத்தம்மன் உள்ளிட்ட அம்மன்களின் பன்னிரண்டு சப்பரங்கள் இரவில் தெருக்களில் வலம்வரும். எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நடக்கும். கொஞ்சம் பயணம் செய்ய மனமிருந்தால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்குச் செல்லுங்கள். காளியாக, குறவனாக, போலீஸாக, குரங்காக நேர்ந்துகொண்டு வேடமிட்ட பல்லாயிரம் பேர் ஊர் ஊராகக் காணிக்கை எடுத்துவிட்டுப் பத்தாம் நாள் கடற்கரையில் வந்து சேர்வார்கள். வேடமிடாதவர்தான் அங்கே வேற்றாளாகத் தெரிவார். அந்தப் பத்தாம் இரவின் நெரிசலை மட்டும் முதல்முறையே துணிந்து பார்க்க வேண்டாம். இடையில் ஒரு நாளில் போனால் வேடங்களை அருகில் நின்று பார்க்கலாம்.

ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) என்று பிரிந்து நடிக்கும் இசைநாடகம் இன்றும் திருவிழாக்களில் நடக்கிறது. அதற்கு உருவம் கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்தவர். மேடையில் பாடியே தமிழகத்தைக் கட்டிப்போட்ட கிட்டப்பா செங்கோட்டைக்காரர். வள்ளி திருமணம் போட்டால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் வரை உட்கார்ந்திருங்கள். எழுதிவைத்ததைத் தாண்டி அன்றைக்கு அவர்களுக்குத் தோன்றுவதெல்லாம் அங்கேதான் வெளிவரும்.

இனி உங்கள் கேள்விகள். அழைப்புத் தேவையில்லை. ஆனால் அலுவலகத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டு அவரோடு போனால், கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக்கொள்ளவும் ஆள் கிடைக்கும், இரவுச் சாப்பாடும் அவர் வீட்டில் கிடைத்துவிடும். எங்கள் பக்கத்தில் கொடைக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புவது வழக்கமில்லை. அம்மன் கொடைகளுக்கு உங்கள் மனைவி தாராளமாக வரலாம், கூட்டத்தில் பாதிக்குமேல் பெண்கள்தான். சில சுடலை கோயில்களில் நடுச்சாமப் பூசையின்போது பெண்கள் விலகியிருப்பார்கள். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருங்கள். சாமியாடுபவரின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டாதீர்கள். பாட்டு பிடித்திருந்தால் புலவரிடம் அன்பளிப்பு கொடுக்கலாம். உங்கள் பெயரையும் ஊரையும் வில்லடித்துச் சொல்லி வாழ்த்துவார், கூச்சப்படாமல் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.