மோல்ட்கேயும் இரண்டு மடங்கு வேகமும்

கேள்வி: முதலாளியின் மகனுக்கு உதவியாளராக எட்டு வருடமாக இருக்கிறேன். எந்த ஓட்டலில் எந்த மாடியில் அவருக்கு அறை பிடிக்கும் என்பதுவரை அத்துப்படி. பதவி உயர்வுதான் இல்லை. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் மோல்ட்கே இளவரசருக்கு உதவியாளராக இருந்து, 57 வயதில் போர்த் திட்டம் போடும் ராணுவ ஜெனரல் ஸ்டாஃபின் தலைவரானாராம். அதனால் காத்திருக்கிறேன். மனைவி பிறந்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய வாய்ஸ் மெசேஜைக்கூட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்க முடிகிறது. பதவி வந்ததும் அவளை ராணி மாதிரி வைத்துக்கொள்வேன். நான் செய்வது சரிதானே?

பதில்: தம்பி, பதவி இருக்கட்டும். கட்டியவளின் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதற்கு வருவோம். முதலாளி மகன் பேசினால் அப்படிக் கேட்பீர்களா?

மோல்ட்கேயைச் சாட்சிக்கு அழைத்தவர் நீங்கள். 1855-ல் அவர் இளவரசர் பிரடெரிக் வில்லியமின் அட்ஜுடன்ட், அதாவது ராணுவ உதவியாளர் ஆனார். அடுத்த வருடமே ஜார் இரண்டாம் அலெக்சாண்டரின் முடிசூட்டு விழாவுக்காக இளவரசரோடு ரஷ்யா போனார். பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ என்று விருந்தும் அணிவகுப்பும் சடங்குமாக அலைச்சல். அதற்கு நடுவிலும் பார்த்ததையெல்லாம் மனைவி மேரிக்குக் கடிதமாக எழுதினார். பிற்பாடு ஒரு புத்தகமே ஆகும் அளவுக்கு எழுதினார். இத்தனைக்கும் 'ஏழு மொழிகளில் மௌனம் சாதிப்பவர்' என்று ஊர் கேலி செய்த மனிதர்! சபையில் வாய் திறக்காதவருக்குப் பெண்டாட்டியிடம் சொல்ல அவ்வளவு இருந்திருக்கிறது.

உங்கள் மனைவி அந்த மெசேஜில் என்ன சொன்னார்? பிள்ளைக்குக் காய்ச்சலா, அப்பாவுக்கு முடியவில்லையா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஓட்டல் மாடி மட்டும் இருக்கிறது. சம்பாதிப்பது கடமைதான், ஒப்புக்கொள்கிறேன். அவளைப் பிறந்த வீட்டில் உட்கார வைத்துவிட்டு அதற்கும் கடமை என்று பெயர் வைக்காதீர்கள்.

அப்புறம், மோல்ட்கே காத்திருந்து மேலே வந்தார் என்பது அரைகுறைப் படிப்பு. 1845-ல் ரோமில் நோயாளியான இளவரசர் ஹென்றிக்கு அட்ஜுடன்ட் வேலை. கிடைத்த நேரத்தில் மனிதர் ரோமின் சுற்றுப்புறத்தை அளந்து வரைபடம் போட்டார். மறுவருடம் ஹென்றி இறந்ததும் ஸ்டாஃப் வேலைக்கே திரும்பினார். 1848 முதல் ஏழு வருடம் மக்டபர்க் படைப்பிரிவில் அந்த வேலைதான். ரயில் பாதைகளைப் பற்றி 1840-களிலேயே எழுதியவர், 1866-ல் ஆஸ்திரியாவுக்கு எதிராக 5 ரயில் பாதைகளில் படைகளை எல்லைக்கு நகர்த்தினார். அரண்மனை உறவு உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு ரெஜிமென்டைக்கூட நடத்தாதவரை 1857-ல் ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தவர் இளவரசர் பிரடெரிக் வில்லியமின் அப்பாதான். ஆனால் கூப்பிட்டபோது மோல்ட்கேயின் கையில் தொழில் இருந்தது. உங்கள் கையில் என்ன இருக்கிறது, முதலாளி மகனின் பெட்டியைத் தவிர?

ராணி மாதிரி என்கிறீர்கள். மேரி 1868-ல், 42 வயதில் போய்விட்டார். பிரான்ஸை வென்றது, கவுன்ட் பட்டம், ஃபீல்டு மார்ஷல் பதவி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வாரமே சொந்தப் பொறுப்புள்ள ஒரு வேலையை எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குக் கிளம்புங்கள். முதலாளி மகனுக்கு ஓட்டல் அறையை வேறு யாராவது போடட்டும்.