சால்மோனெல்லா: கடைசி வேளைச் சாப்பாட்டை மட்டும் சந்தேகிக்காதீர்கள்

மலப் பரிசோதனை செய்யும் நுண்ணுயிர் ஆய்வகத்தில்தான் என் வேலை. உணவு வழியாகக் குடலைத் தாக்கும் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நேற்று வெளியே சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி. இது சால்மோனெல்லாவா?

பெரும்பாலும் இருக்காது. சால்மோனெல்லா குடலுக்குப் போய், குடல்சுவரைத் தாக்கிய பிறகுதான் தொல்லை தொடங்கும். அதற்கு 6 மணி நேரமும் ஆகலாம், 6 நாளும் ஆகலாம். சாப்பிட்ட சூட்டோடு வாந்தி என்றால், உணவிலேயே நச்சைச் சுரந்து வைத்துவிடும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சால்மோனெல்லாவில் பேதி, காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி ஆகியவைதான் முக்கியம். வாந்தி எல்லோருக்கும் வராது. காய்ச்சலோடு பேதி ஆரம்பித்தால், முந்தைய ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவதைவிட அது மருத்துவருக்கு உதவும்.

கேள்வி: டைபாய்டும் இதுவும் ஒன்றுதானே?

ஒரே குடும்பம், வேறு நோய். டைபாய்டைத் தரும் சால்மோனெல்லா டைஃபி மனிதர்களிடம் மட்டுமே வாழ்வது. இங்கே பேசுவது கோழி, மாடு, பன்றி, ஊர்வன போன்றவற்றின் குடலில் இருக்கும் வகைகளை. டைபாய்டு தடுப்பூசியை நம்பி இதில் அசட்டையாக இருக்க முடியாது.

கேள்வி: கோழிக்கறியை நாலைந்து தண்ணீர் அலசித்தான் சமைக்கிறேன். போதாதா மேடம்?

அலசாமல் சமைத்தால்தான் நல்லது! தண்ணீர் கிருமியைக் கொல்லாது. குழாயடியில் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் தட்டு, காய்கறி, துணி எல்லாவற்றுக்கும் அதைக் கொண்டுபோகும். கிருமியைக் கொல்வது சூடுதான். கறியின் தடிமனான பகுதியின் நடுவே 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உணவு வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் சந்தேகமே இல்லை. அப்புறம், கறி நன்றாக வெந்திருந்தும் வீடே படுத்துக்கொள்வது உண்டு. பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே சமைக்காமல் சாப்பிடும் வெள்ளரிக்காயையும் வெட்டியிருப்பார்கள். பச்சைக் கறிக்கு என்று தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டை ஓட்டைக் கழுவிவிட்டு அரைவேக்காட்டில் சாப்பிடலாமா?

ஓட்டில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆனால் சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் முட்டை உருவாகும் உறுப்புகளைத் தொற்றி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். அந்தக் கோழி பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருக்கும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவையுங்கள். பச்சை முட்டையில் வீட்டில் மயோனைஸ் செய்கிறவர்கள், பாஸ்ச்சுரைஸ் செய்த (கிருமி சாகும் அளவுக்கு மிதமாகச் சூடாக்கிய) முட்டை வாங்குங்கள்.

கேள்வி: மிச்சச் சாப்பாட்டில் வாடை எதுவும் இல்லை என்றால் சரிதானே? ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?

இரண்டுமே இல்லை. சால்மோனெல்லா இருக்கும் உணவு வாடையிலும் ருசியிலும் மாறவே மாறாமல் இருக்கலாம். ஃப்ரீசரில் கிருமி பெருகாது, ஆனால் உயிரோடு காத்திருக்கும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும்.

கேள்வி: என் அண்ணனுக்கு இரண்டு நாளாகப் பேதி. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் தானே அடங்கும். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கால், மலத்தில் கிருமி வெளியேறும் காலம் நீளவும் கூடும். இப்போது முக்கியம் தண்ணீரும் உப்பும்தான்: ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஆனால் மலத்தில் இரத்தம், 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், 3 நாளாகியும் நிற்காத பேதி, குடித்தது எதுவும் தங்காமை, சிறுநீர் குறைவது, எழுந்தால் தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். இரத்தமோ கடும் காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தை, 65 வயதைக் கடந்தவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். இவர்களுக்குக் கிருமி இரத்தத்துக்குள் போகும் ஆபத்து அதிகம். ஆன்டிபயாடிக் தேவைப்படுவதும் பெரும்பாலும் இவர்களுக்கும், நோய் கடுமையானவர்களுக்கும்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. எட்டு மாதக் குழந்தைக்கு சால்மோனெல்லா என்கிறார்கள். எப்படி?

வீட்டில் ஆமையோ பல்லி வகையோ வளர்க்கிறீர்களா? குழந்தை அதைத் தொட்டிருக்கவே வேண்டாம்; தொட்டவர் குழந்தையைத் தூக்கினாலே போதும். இதனால்தான் 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-ல் தடை போட்டது. பச்சை மாவு, முளைவிட்ட பயறு, கடலை வெண்ணெய் போன்றவற்றிலும் இந்தக் கிருமி பரவியிருக்கிறது, சைவ உணவு என்று விலக்கு இல்லை. ஆமை இருந்தால் அதன் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். குழந்தைக்குப் பேதி நின்றபிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வரலாம். ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.