இன்கியுபேட்டர் குஞ்சுகளுக்குக் கால் விரிந்து போனால் என்ன செய்வது?

கேள்வி: வீட்டு இன்கியுபேட்டரில் நேற்றுப் பொரித்த குஞ்சுகளில் சில, கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து எழும்ப முடியாமல் கிடக்கின்றன. காப்பாற்றலாமா? இனி வராமல் தடுக்க வழி உண்டா?

காப்பாற்றலாம். ஆனால் இன்றைக்கே கட்டுங்கள், தானாகச் சரிவரும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். முதல் இரண்டு நாளில் எலும்பும் மூட்டும் இளசாக இருக்கும், திருத்தினால் திருந்தும். நாலைந்து நாள் போனால் கஷ்டம். ஒரு வாரம் தாண்டிய குஞ்சு எழும்புவது அபூர்வம்.

நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். ஊர்க்கோழி முட்டைகளை றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி இன்கியுபேட்டரில் வைத்துப் பொரிக்க வைக்கிறேன். கால் விரிந்த குஞ்சைக் கண்டதும் ‘இது தேறாது’ என்று தூக்கி ஒதுக்கிவிடுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அது எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு துண்டு பிளாஸ்டரால் தேறக்கூடிய உயிர் அது.

கட்டுவதற்கு முன் குஞ்சைக் கையில் எடுத்து நன்றாகப் பாருங்கள். பின்பக்கமாக மடங்கும் மூட்டு வீங்காமல், விரல்கள் நேராக இருந்து, கால்கள் மட்டும் இரு பக்கமும் வழுக்கிப் போனால் அது வெறும் கால் விரிப்புத்தான். மூட்டு வீங்கித் தட்டையாகி, அதற்குக் கீழே கால் வெளிப்பக்கம் முறுக்கியிருந்தால் தசைநார் இடம் விலகியிருக்கிறது. அதைக் கட்டிப் பயனில்லை.

இனிக் கட்டும் விதம். பார்மசியில் வாங்கும் சாதாரண பிளாஸ்டர் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். நடுவில் இருக்கும் பஞ்சுப் பகுதி இரண்டு கால்களுக்கும் இடையில் வர வேண்டும். ஒட்டும் முனைகளை, பாதத்துக்கு மேலே, மூட்டுக்குக் கீழே, ஒவ்வொரு காலையும் சுற்றிக் கொண்டுவந்து பிளாஸ்டரோடு பிளாஸ்டராக ஒட்டுங்கள். கால்களுக்கு நடுவே சுமார் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி போதும், சின்னக் குஞ்சென்றால் இன்னும் குறைவு. நேராக நிற்கும் ஒரு நல்ல குஞ்சைப் பக்கத்தில் விட்டு அதன் இடைவெளியைப் பார்த்துக் கட்டுவது சுலபம். ஒருவர் பிடிக்க மற்றவர் ஒட்டினால் நல்லது. பிளாஸ்டர் இல்லையென்றால் கம்பளி நூலால் எட்டுப் போலச் சுற்றித் தளர்வாக முடியலாம். தையல் நூலும் றப்பர் வளையமும் வேண்டவே வேண்டாம், காலை அறுத்து இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

கட்டியதும் குஞ்சு குப்புற விழும், எழும்பும், திரும்ப விழும். பயப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். அதைக் கரடுமுரடான துணியில் விடுங்கள். மற்றக் குஞ்சுகள் மிதிக்காமல் பிரித்து வையுங்கள், ஆனால் தனியாக விட்டால் கத்திக் களைத்துப்போகும், சாதுவான ஒன்றைத் துணைக்கு விடுங்கள். தண்ணீரை ஆழமில்லாத மூடியில் வைத்து, சின்னக் கற்கள் போட்டு, அதன் சொண்டைத் தொட்டு நனைத்துக் காட்டுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும் என்றாலும், நடக்க முடியாத குஞ்சு தாகத்தால்தான் முதலில் வாடும்.

தினமும் கட்டைக் கழற்றிப் பாருங்கள். பாதம் வீங்கினாலோ நீலமாக மாறினாலோ இறுக்கம் கூடிவிட்டது. கழற்றும்போது பிய்த்து இழுக்காமல், தேங்காயெண்ணெய் தொட்டு ஊறவிட்டு எடுங்கள், தோல் உரியாது. மூன்று நாலு நாளில் பெரும்பாலானவை நடந்துவிடும். கட்டியும் நிற்காத குஞ்சை, கால் இரண்டும் உடம்புக்குக் கீழே மடங்கி இருக்கிறபடி துணி விரித்த சின்னக் கோப்பையில் கொஞ்ச நேரம் இருத்தி, இடையிடையே எடுத்துத் தீனும் தண்ணீரும் காட்டலாம்.

விரல் சுருண்டிருந்தால் வைத்தியம் வேறு. மெல்லிய கடதாசி மட்டையைப் பாத அளவுக்கு வெட்டி, விரல்களை விரித்து வைத்து, மேலும் கீழும் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாளில் நேராகும். ஆனால் ஒரே ஈட்டில் பல குஞ்சுகளுக்கு விரல் உள்ளே சுருண்டு, மூட்டில் குந்தி நகர்ந்தால் அது ரைபோஃபிளேவின் எனும் பி2 விற்றமின் குறைவு. கோழிகளுக்கான பி கொம்ப்ளெக்ஸைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். வெளிச்சத்தில் சத்துப் போய்விடும் என்பதால் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

தடுப்பு என்றால் முதலில் தரை. பத்திரிகைத் தாளில் குஞ்சு விடுவதுதான் கால் விரிப்புக்குப் பெரிய காரணம். பொரிக்கும் தட்டிலும் குஞ்சுப் பெட்டியிலும் அலுமாரித் தட்டுகளுக்குப் போடும் ஓட்டை ஓட்டையான றப்பர் விரிப்பையோ பழைய துவாயையோ போடுங்கள். துவாயில் நூல் தொங்கினால் வெட்டிவிடுங்கள், நகம் மாட்டும். சில நாள் கழித்து உமிக்கு மாற்றலாம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து நெல் ஆலைகளில் உமிக்குக் குறைவில்லை. அடைக்கோழி கடகத்து வைக்கோலில் பொரிக்கும் குஞ்சுக்கு இந்தத் தொல்லை அரிது. வைக்கோல் வழுக்காது, குழிந்த கூடு காலை விரியவும் விடாது.

அடுத்தது சூடு. காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் அறையே கொதிக்கும், பெட்டிக்குள்ளும் சூடு ஏறும், ஈரப்பதன் இறங்கும். பொரிக்கும் நாளைக் குறித்து வையுங்கள். 21ஆம் நாளுக்கு நன்றாக முந்திப் பொரித்தால் சூடு கூடியிருக்கிறது, குஞ்சும் பலமில்லாமல் இருக்கும். 18ஆம் நாளிலிருந்து முட்டை திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதனை 65 முதல் 70 வீதம் வரை கூட்டுங்கள். இல்லாவிட்டால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டி, அது உள்ளேயே போராடிக் களைக்கும்.

மூன்றாவது, யாரும் கவனிக்காத விஷயம்: தாய்க்கோழியின் சாப்பாடு. குறுணலும் தேங்காய்ப்பூவும் மட்டும் தின்ற கோழியின் முட்டையில் குஞ்சுக்குத் தேவையான சத்து இராது. தசைநார் விலகுவதற்கு மங்கனீசு, கோலின் குறைவு முக்கிய காரணம். வந்த பிறகு சத்து கொடுத்து அந்தக் காலைத் திருப்ப முடியாது, முன்கூட்டியே கொடுத்தால் வராமல் தடுக்கலாம். தவிட்டில் மங்கனீசு நிறைய உண்டு. முருங்கையிலை, மீன் கழிவு, காலை வெயில் எல்லாம் சேரட்டும். குஞ்சுகளுக்குக் குஞ்சுத் தீன்தான், முட்டைக்கோழித் தீன் வேண்டாம். அதில் உள்ள கல்சியம் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குக் கூடிப்போகும்.

ஒரு மாதம் கடந்த குஞ்சு ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக விழுந்தால் பிளாஸ்டரைத் தேடாதீர்கள். அது மரெக்ஸ் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, பொரித்த முதல் நாள் போடும் தடுப்பூசி மட்டும்தான். அதைப் பிரித்து வைத்துவிட்டு, உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.