மேடை வேண்டாம், கதவைச் சாத்திவிட்டுப் பாடுங்கள்

கேள்வி (சுன்னாகத்தில் இருந்து ஒரு வாசகி): எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னேரங்களில் வரும் பிள்ளைகளில் சிலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து, பெற்றோரோடு ஊர் திரும்பியவர்கள். பன்னிரண்டு முதல் பதினேழு வயது. மற்றவர்களோடு ஒட்டுகிறார்கள் இல்லை. இவர்களைச் சேர்த்து ஒரு பாட்டுக் குழு தொடங்கினால் மனதுக்கு உதவுமா? 'இசைச் சிகிச்சை' சான்றிதழ் வகுப்பு நடத்தும் ஒருவர், காசு கட்டினால் எனக்குப் பயிற்சி தந்து, மூன்று மாதத்தில் பிள்ளைகளை மேடையேற்றி, வெளிநாட்டு உதவியும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்:

தொடங்குங்கள். சான்றிதழ்க்காரரை விடுங்கள்.

உதவுமா என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுத்து, வரி முடியும் வரை அதை மெல்ல விட வேண்டும். படபடத்த உடம்பை அமர்த்துவது அந்த நீண்ட வெளிமூச்சுத்தான். 2013 இல் சுவீடனின் கோதன்பேர்க்கில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பாடவிட்டு இதயத் துடிப்பை அளந்தார்கள். மெதுவான நீண்ட வரிகளில் எல்லோருடைய துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. 2015 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பாட்டு வகுப்பையும் கைப்பணி, எழுத்து வகுப்புகளையும் ஒப்பிட்டபோது, முன்பின் தெரியாத பெரியவர்கள் பாட்டு வகுப்பில்தான் விரைவாக நெருங்கினார்கள். உங்களுக்கு வேண்டியதும் அந்த விரைவுதான்.

ஆனால் "இவர்களைச் சேர்த்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். திரும்பி வந்தவர்களை மட்டும் பிரித்து இருத்தினால் அவர்களுக்கு அது இன்னொரு முகாம். பாதிப் பேர் ஊர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். உங்கள் பகுதியில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் யார்? 1990 இல் போரால் வலிகாமம் வடக்கில் இருந்து கிளப்பப்பட்டு, சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் நலன்புரி முகாம்களில் காலம் கழித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதில் இருப்பார்கள். வகுப்பில் திரும்பி வந்தவர்கள் வாய் திறந்தால் 'இந்தியாக் கதை' என்று சிரிக்கிற அதே பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வரியைப் பாடும்போது, யாருடைய கதை எந்தக் கரையைச் சேர்ந்தது என்று பிரிக்க ஏலாது.

பாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஒருவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் திருப்பிப் பாடுவது போதும். மீனவர் வலை இழுக்கப் பாடும் அம்பாப் பாட்டும் நெல் அறுக்கப் பாடும் அரிவுவெட்டுப் பாட்டும் கூத்துப் பிற்பாட்டும் அப்படித்தான் ஓடுகின்றன, தாளில் எழுதிக் கொடுக்கவும் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஒன்றைத் திரும்பி வந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். கிழமைக்கு ஒரு நாள், முக்கால் மணித்தியாலம், நாளும் நேரமும் மாறக்கூடாது. கரோக்கேயும் மைக்கும் வேண்டாம், அது ஒரு பிள்ளையை மட்டும் பாடவைத்து மற்றவர்களைப் பார்க்கவைக்கும்.

அப்புறம் அந்தச் சான்றிதழ்க்காரர். இந்த மாதிரி ஆட்களை யாழ்ப்பாணத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். பிரித்தானியாவில் இசைச் சிகிச்சையாளர் என்று பெயர் போட முதுகலை மட்டத்துப் படிப்பும் சட்டப்படி பதிவும் வேண்டும். இங்கே இரண்டு நாள் சூம் வகுப்பில் அந்தப் பெயர் விற்பனையாகிறது. பாடுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை, சிகிச்சை செய்ய அந்தச் சான்றிதழ் காணாது, ஆகவே அந்தக் காசு எந்தப் பக்கம் பார்த்தாலும் வீண்தான். அதைவிட மோசமானது மேடை. பிள்ளைக்கு வெள்ளை உடுப்புப் போட்டு, "நான் அகதி முகாமில் பிறந்தேன்" என்று மைக்கில் சொல்லவைத்து, அழுகிற நேரம் பார்த்துக் கமராவைக் கிட்டக் கொண்டுபோய், அந்த வீடியோவை வட்ஸ்அப்பில் புலம்பெயர்ந்த நாடெல்லாம் சுற்றவிட்டுக் காசு சேர்க்கிறார்கள். கணக்குக் காட்டுகிறவரை நான் கண்டதில்லை. பிள்ளைக்கு மிஞ்சுவது நாளைக்கு வகுப்பில் கிடைக்கப்போகிற பட்டப்பெயர். முதல் ஆறு மாதம் யாரும் வந்து பார்க்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள். நிலையத் தலைவருக்கும் அதே சட்டம்தான்.

எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும் என்றேன். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பொடியன்கள் மட்டும் வேறு கணக்கு, இதைக் கட்டாயம் கவனியுங்கள். அந்த வயதில் குரல்வளை பெரிதாகித் தொண்டை உடைகிறது. நேற்று எட்டிய சுருதி இன்றைக்கு எட்டாது, பாதி வரியில் குரல் கீச்சிட்டுக்கொண்டு போய்விடும். பாட்டை உங்கள் சுருதிக்கு எடுத்தால் அவன் வாயை மூடிக்கொள்வான். "குரல் சரியில்லை" என்று யாரும் ஒரு வார்த்தை சொன்னால் பிறகு வரவே மாட்டான். பாட்டை நான்கைந்து அரைச்சுரம் இறக்கிப் பாருங்கள், அதுவும் சரிவராவிட்டால் கீழே ஒரே சுரத்தில் "ம்ம்" என்று பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள், அதுவும் பாட்டுத்தான். தாளத்தை அவனிடம் கொடுக்கலாம். ஆனால் தாளம் மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள், ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வரியாவது அவன் குரலுக்கு இருக்க வேண்டும். ஓரிரு வருடத்தில் குரல் அமர்ந்துவிடும் என்று அவனுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள், வீட்டில் பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யாராவது அழுதால் பாட்டை நிறுத்தாமல் பக்கத்தில் போய் இருங்கள், காரணம் கேட்க வேண்டாம். பல கிழமையாக நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, சாகிற கதை கதைக்கிறது என்றால் அது பாட்டின் வேலை அல்ல: யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் இருக்கிறது, உங்களுக்குக் கிட்டத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, இரவிலும் எடுக்கக்கூடிய 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கடைசியாக, பாட்டால் தீராத ஒன்று. இந்தப் பிள்ளைகளில் பலருடைய கவலை பத்திரம்தான். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பன் இலங்கையராக இருந்தாலும், குடியுரிமையைத் தனியாகப் பதிய வேண்டும். அந்தக் கடதாசி இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. ஒரு கந்தோரில் இன்னொரு கந்தோரைக் காட்டுவார்கள், அங்கே போனால் சென்னையில் இருந்து கடிதம் கேட்பார்கள், கூலி வேலைக்குப் போகிற தகப்பன் எத்தனை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலைவார்? அலைந்து களைத்த இடத்தில் ஒரு முகவர் வந்து காசு கேட்பார். கொடுக்க விடாதீர்கள். பாட்டு முடிந்து பெற்றோர் கூட்டிப்போக வரும்போது, யாரிடம் எந்தப் பத்திரம் இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதி, எல்லோரும் ஒரே நாளில் பிரதேச செயலகத்துக்குப் போய், எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள்; குடியுரிமையைப் பதிவது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். தனியாகப் போகிறவரைத் திருப்பி அனுப்புவது அவர்களுக்குச் சுகம், பத்துப் பேர் சேர்ந்து போனால் இருத்திக் கதைப்பார்கள்.