"சரி, எடுத்துக்கிறேன்": ஆங்கிலம் – வாசகர் கேள்வி பதில்

ஒரு பொருளை வாங்கச் சம்மதிப்பது, ஒருவர் கொடுப்பதை ஏற்பது குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஆங்கில வாக்கியங்கள் பேசும் ஒலிப்படியே தமிழ் எழுத்தில் உள்ளன. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

லண்டனில் மகள் வீட்டுக்குப் போகிறேன். துணிக்கடையில் ஒரு சட்டை பிடித்துவிட்டால் 'ஐ ஆம் பையிங் திஸ்' என்று சொல்லலாமா? – வாசகி, கும்பகோணம்

சொன்னால் புரியும், ஆனால் அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. விலையைப் பார்த்து அந்த நிமிடத்தில் முடிவெடுத்தால் 'ஐல் டேக் இட்' என்பார்கள். நாமும் கடையில் 'எடுத்துக்கிறேன்' என்றுதானே சொல்கிறோம்? அதே வினைதான், மறக்காது.

'ஐ ஆம் பையிங்' என்பது முன்பே தீர்மானித்து வைத்த காரியத்தைச் சொல்வது. 'ஐ ஆம் பையிங் எ கார் நெக்ஸ்ட் மந்த்' என்றால் பொருத்தம். அங்கேயே அப்போதே பிறக்கும் முடிவுக்கு 'வில்' வேண்டும். அந்த 'வில்' பேச்சில் சுருங்கி 'ஐல்' ஆகிறது. 'ஐ வில் டேக் இட்' என்று ஒவ்வொரு சொல்லாக அழுத்தினால், யாரோ வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் வாங்குவதுபோல் ஒலிக்கும். அதற்காக 'ல்' ஒலியை மொத்தமாக விழுங்கிவிடவும் கூடாது. 'ஐ டேக் இட்' என்பதற்கு 'அப்படித்தான் என்று நினைக்கிறேன்' என்று வேறு பொருள் உண்டு. 'ஐ டேக் இட் யூ ஆர் ஃப்ரம் இந்தியா' என்று உங்களிடமே யாராவது சொல்லக்கூடும்.

தமிழர்கள் அதிகம் தடுமாறுவது 'இட்' என்ற இடத்தில். பேன்ட், ஜீன்ஸ், மூக்குக்கண்ணாடி, கத்தரிக்கோல் எல்லாம் நமக்கு 'அது', ஒருமை. ஆங்கிலத்தில் அவை பன்மை. ஒரே ஒரு ஜீன்ஸ் வாங்கினாலும் 'ஐல் டேக் தெம்' என்பதே சரி. செருப்பு ஒரு ஜோடிக்கும் 'தெம்'தான். பலவற்றில் ஒன்றைக் காட்டி எடுக்கும்போது 'ஐல் டேக் திஸ் ஒன்'. ஒரே மாதிரியில் இரண்டு வேண்டுமென்றால் 'ஐல் டேக் டூ ஆஃப் தீஸ்'.

போட்டுப் பார்க்கும் அறையிலிருந்து வெளியே வந்ததும் பணியாளர் 'ஹவ் டிட் யூ கெட் ஆன்?' என்பார். நலம் விசாரிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். துணி சரியாக இருந்ததா, எடுக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. எடுப்பதையும் விடுவதையும் சேர்த்தே சொல்லிவிடலாம்: 'ஐல் டேக் திஸ் ஒன், பட் ஐல் லீவ் தீஸ், தேங்க்ஸ்.' திருப்பித் தரும் துணியை மடித்து வைக்க வேண்டியதில்லை, கையில் கொடுத்தால் போதும்.

பில் போடும் இடத்தில் 'டோன்ட் யூ நீட் எ பேக்?' என்று கேட்டார்கள். 'எஸ்' என்றேன். பையைப் போட்டுக் காசும் சேர்த்துவிட்டார்கள். நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன்? – வாசகர், சேலம்

'பை வேண்டாமா?' என்ற கேள்விக்குத் தமிழில் 'ஆமா, வேண்டாம்' என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளும் 'ஆமா' அது. ஆங்கில 'எஸ்' கேள்வியைப் பார்ப்பதில்லை, பொருளை மட்டும் பார்க்கிறது. பை வேண்டுமென்றால் 'எஸ்', வேண்டாமென்றால் 'நோ', கேள்வி எப்படி வந்தாலும் சரி. எனவே 'நோ, ஐ டோன்ட், தேங்க்ஸ்' என்றிருக்க வேண்டும். வெறும் 'எஸ்', 'நோ' என்று நிறுத்தாமல் வாலையும் சேர்த்துச் சொன்னால், முதல் சொல்லில் தவறினாலும் வால் காப்பாற்றும். இங்கிலாந்தில் ஒருமுறை பயன்படுத்தும் பைக்கு 2021 மே முதல் குறைந்தது 10 பென்ஸ் கட்டணம் உண்டு. அதனால் இந்தக் கேள்வி அங்கே எல்லாக் கடையிலும் வரும்.

அமெரிக்கா போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் பொருளில் ஒட்டியிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பில்லில் தொகை கூடும், கடைக்காரர் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். கையில் எண்ணி வைத்த பணம்தான் என்றால் 'ஐல் டேக் இட்' சொல்வதற்கு முன்பே 'ஹவ் மச் இஸ் தட் வித் டாக்ஸ்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் 'கிவ் மீ ஒன் காபி' என்று சொன்னால் மகன் கோபப்படுகிறான். 'ப்ளீஸ்' சேர்த்தால் போதாதா? – வாசகர், நாகர்கோவில்

தமிழில் 'ஒரு காபி குடுங்க' என்பது முழு மரியாதையான வாக்கியம். மரியாதை 'ங்க'வில் இருக்கிறது. 'கிவ் மீ' என்று மாற்றும்போது அந்த 'ங்க' தொலைந்து 'குடு' மட்டும் மிஞ்சுகிறது. 'ப்ளீஸ்' ஓரளவுதான் ஈடுகட்டும். மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

உணவகத்தில் 'டேக்' என்பதைவிட 'ஹேவ்' இயல்பு: 'ஐல் ஹேவ் எ காபி, ப்ளீஸ்' அல்லது 'குட் ஐ ஹேவ் எ காபி, ப்ளீஸ்?' அமெரிக்காவில் 'கேன் ஐ கெட் எ காபி?' என்பதே அதிகம் காதில் விழும், அங்கே அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மெனு அட்டையைப் பார்த்து ஓர் உணவைத் தேர்ந்தால் முன்னால் 'த' வரும்: 'ஐல் ஹேவ் த வெஜிடபிள் லசான்யா.' பக்கத்தில் இருப்பவர் சொன்னதே போதுமென்றால் 'சேம் ஃபார் மீ, ப்ளீஸ்.' 'எனிதிங் எல்ஸ்?' என்றால் 'தட்ஸ் ஆல், தேங்க்ஸ்.' நம் ஊர் 'பார்சல்' அங்கே தபாலில் வருவது. கட்டித் தரக் கேட்க பிரிட்டனில் 'டேக் அவே', அமெரிக்காவில் 'டு கோ'.

யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் 'தேங்க் யூ' என்கிறேன். சிலர் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. ஏன்? – வாசகி, மதுரை

அது ஏற்பதா மறுப்பதா என்று கேட்டவருக்கே விளங்காததுதான் காரணம். வேண்டுமென்றால் 'எஸ், ப்ளீஸ்.' வேண்டாமென்றால் 'நோ, தேங்க்ஸ்.' இந்த இரண்டு ஜோடிகளைப் பிரித்துப் போடாதீர்கள். 'ஐம் குட்', 'ஐம் ஃபைன்', 'ஐம் ஓகே' மூன்றும் இந்த இடத்தில் மறுப்பு. 'நல்லா இருக்கேன்' என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டு டீ வராமல் காத்திருப்பவர்கள் உண்டு. ஆசையோடு ஏற்க, பிரிட்டனில் 'தட் வுட் பி லவ்லி', அமெரிக்காவில் 'தட் வுட் பி கிரேட்'. 'ஐ வுடன்ட் சே நோ' என்பது மறுப்புபோல் ஒலித்தாலும் ஏற்புதான்.

நம் வீடுகளில் முதல் தடவை 'பரவாயில்லைங்க' என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள், பிறகு வாங்கிக்கொள்வோம். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ முதல் 'நோ'வையே முடிவாக எடுத்துக்கொள்வார்கள். மறுபடி கேட்பது தொந்தரவு என்று அவர்கள் கருதுவதால் விட்டுவிடுகிறார்கள். அக்கறை இல்லாமல் அல்ல. பசித்தால் முதல் கேள்விக்கே ஏற்றுக்கொள்ளுங்கள்.

'மைண்ட்' வரும் கேள்வியில் மட்டும் திசை மாறும். 'டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?' என்பதன் உள்ளடக்கம் 'உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?' என்பது. 'எஸ்' என்றால் உட்காராதே என்றாகிவிடும். சம்மதிக்க 'நாட் அட் ஆல்' அல்லது 'நோ, கோ அஹெட்'. ஆங்கிலேயர்களே சில நேரம் 'ஷ்யூர், கோ அஹெட்' என்கிறார்கள். பின்னால் வரும் 'கோ அஹெட்' பொருளைத் தெளிவாக்கிவிடுவதால் அதில் ஆபத்தில்லை.

பழைய மேசை, சைக்கிள் விற்கும் விளம்பரங்களில் பேரம் பேசுவது எப்படி? 'வாட் இஸ் த லாஸ்ட் ப்ரைஸ்?' சரியா? – வாசகர், கோவை, இப்போது பர்மிங்காமில்

'கடைசி விலை' என்பது நம் வழக்கம். அங்கே 'இஸ் தட் யுவர் பெஸ்ட் ப்ரைஸ்?' என்று கேளுங்கள். முதலில் விளம்பரத்தைப் படியுங்கள். விலைக்குப் பக்கத்தில் 'ஓ-என்-ஓ' என்ற எழுத்துகள் இருந்தால் 'அல்லது அதற்குக் கிட்டத்தட்ட' என்று பொருள், பேசலாம். அமெரிக்க விளம்பரங்களில் இதுவே 'ஓ-பி-ஓ'. 'ஃபர்ம்' என்றிருந்தால் பேரத்துக்கு இடமில்லை.

50 பவுண்டு கேட்கும் மேசைக்கு நீங்கள் 35 நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'வுட் யூ டேக் 35 ஃபார் இட்?' என்று தொடங்குங்கள். இங்கே 'டேக்' விற்பவரின் பக்கம் போய்விடுகிறது, பணத்தை எடுத்துக்கொள்பவர் அவர். அவர் 'மேக் இட் 40 அண்ட் இட்ஸ் யுவர்ஸ்' என்றால், ஏற்க 'ஓகே, ஐல் டேக் இட் ஃபார் 40.' விலையைத் திருப்பிச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். 14, 40 இரண்டும் காதில் ஒன்றுபோல் விழும், போனில் இன்னும் மோசம். அடுத்த வாக்கியத்தில் எடுக்கும் நேரம்: 'கேன் ஐ கலெக்ட் இட் ஆன் சாட்டர்டே மார்னிங்?' அது இல்லாமல் 'ஓகே' மட்டும் சொன்னால், முதலில் பணத்தோடு வருகிறவருக்குப் பொருள் போய்விடலாம்.

சம்மதம் சொன்ன பிறகு மறுபடி விலையைக் குறைக்கக் கேட்பது அங்கே மிகவும் தவறாகப் பார்க்கப்படும். மேசையில் விரிசல் இருக்கிறதா, கால் ஆடுகிறதா என்று பார்ப்பதெல்லாம் 'ஐல் டேக் இட்'டுக்கு முன்னால்.

வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. 'ஐ அக்செப்ட் டு ஜாயின், பட் ப்ளீஸ் இன்கிரீஸ் த சேலரி' என்று பதில் எழுதலாமா? – வாசகி, திருச்சி

வேண்டாம், இதில் இலக்கணப் பிழையைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 7ஆம் பிரிவு, ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும் என்கிறது. 'ஏற்கிறேன், ஆனால்' என்பது ஏற்பு ஆகாது, அது எதிர்முன்மொழிவு.

இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் ஆங்கிலேய வழக்கு 1840ஆம் ஆண்டின் ஹைட் எதிர் ரென்ச். 1,000 பவுண்டுக்குப் பண்ணையைத் தர முன்வந்தார் ரென்ச். 950 தருகிறேன் என்றார் ஹைட். ரென்ச் மறுத்ததும், சரி 1,000 தருகிறேன் என்றார் ஹைட். ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். 950 என்றபோதே பழைய முன்மொழிவு செத்துவிட்டது. அதேசமயம் 1880இல் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில், இரும்பு வாங்க இருந்தவர் தவணையில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரித்தது வெறும் கேள்விதான், முன்மொழிவு உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பானது. எனவே கூடுதல் சம்பளம் வேண்டுமானால் ஏற்பதற்கு முன், தனி மின்னஞ்சலில், கேள்வியாகவே கேளுங்கள்: 'பிஃபோர் ஐ ரிப்ளை டு த ஆஃபர், குட் ஐ ஆஸ்க் இஃப் தேர் இஸ் எனி ஃப்ளெக்ஸிபிலிட்டி ஆன் த சேலரி?'

ஏற்கும்போது: 'தேங்க் யூ ஃபார் யுவர் லெட்டர் ஆஃப் 4 ஜூன். ஐ ஆம் ப்ளீஸ்ட் டு அக்செப்ட் த போஸ்ட் ஆஃப் ஜூனியர் அக்கவுன்டன்ட் ஆன் த டெர்ம்ஸ் இன் தட் லெட்டர். ஐ வில் ஜாயின் ஆன் 1 ஜூலை.' கடிதத் தேதி, பதவி, நிபந்தனை, சேரும் நாள் நான்கும் இதில் வந்துவிட்டன. 'ஐ வுட் லைக் டு அக்செப்ட்' விருப்பத்தைச் சொல்வதுபோல் நிற்கிறது, 'ஐ ஆம் ப்ளீஸ்ட் டு அக்செப்ட்' முடிவைச் சொல்கிறது.

'அக்செப்ட்'டுக்குப் பின் பெயர்ச்சொல்தான் வரும், 'டு ஜாயின்' வராது. அந்த இடத்துக்கு 'அக்ரீ டு ஜாயின்'. 'ஐ ஆம் அக்ரீ' என்பது எப்போதும் தவறு, 'ஐ அக்ரீ' போதும். எழுத்துக்கூட்டலில் 'ஏ' எழுத்தில் தொடங்குவதுதான் 'ஏற்பது'. 'ஈ, எக்ஸ்' என்று தொடங்கினால் 'தவிர' என்று பொருள். ஸ்பெல்லிங் பிழைதிருத்தி இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது, நீங்களே பாருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் விலைப்பட்டியல் வந்தால் கட்டைவிரல் குறி போடுகிறேன். 'பார்த்துவிட்டேன்' என்ற அர்த்தத்தில்தான். பிரச்சினை வருமா? – ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்

வரும். கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் 2021இல் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து, உறுதிசெய்யும்படி ஒரு விவசாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. அவர் கட்டைவிரல் குறி போட்டார். விலை ஏறியது, விதை வரவில்லை. கிடைத்தது என்று சொல்லத்தான் குறி போட்டேன் என்றார் அவர். முந்தைய ஒப்பந்தங்களுக்கு 'லுக்ஸ் குட்', 'ஓகே', 'யப்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பி, சரக்கும் கொடுத்திருக்கிறார் என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2023இல் 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது.

அது கனடா தீர்ப்பு, இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும், மின்னணு வழியில் ஏற்றார் என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. எனவே பார்த்ததை மட்டும் சொல்ல 'ரிசீவ்ட், தேங்க்ஸ். வில் கன்ஃபர்ம் பை ஃப்ரைடே' என்று எழுதுங்கள். ஏற்கும்போது 'கன்ஃபர்ம்ட்' என்று எழுதி, அளவு, விலை, அனுப்பும் தேதி மூன்றையும் கீழே திரும்ப எழுதுங்கள். 'நோட்டட்' இரண்டுக்கும் நடுவில் தொங்கும் சொல், விலை பேசும் இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

'டீல்', 'டன்', 'யூ ஆர் ஆன்' மூன்றும் ஒன்றா? – வாசகர், தூத்துக்குடி

முதல் இரண்டும் பேரம் படிந்ததும் சொல்வது. 'யூ ஆர் ஆன்' பந்தயத்துக்கோ சவாலுக்கோ சம்மதிப்பது, கடையில் பொருந்தாது.